ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க
கல்யாண வீடியோ எடுக்குறப்போ கேமரா சூடாகி நின்னா பின்னாடி மாட்டுற ஃபேன் வாங்குங்கன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி எந்த வீடியோ மோட்ல எடுக்குறோம்னு பாக்கணும். கேனான் ஆர்5 கேமரா 2020ல வந்தப்பவே 23 டிகிரில 8கே (4கேவ விட ரொம்ப துல்லியமான வீடியோ) சுமார் 20 நிமிஷம்தான் எடுக்க முடியும்னு கம்பெனியே சொல்லிருச்சு, நம்ம ஊர் மே மாச மண்டபத்துல, லைட்டு சூட்டோட, அது எங்க தாங்கும். அதுல 4கே ஹெச்க்யூ (கூடுதல் தரம்) மோடும் 8கே அளவுக்கு சென்சார்ல இருந்து படத்த படிச்சு 4கேவா சுருக்குறதுதான், அதனால அதுவும் சூடாகும், சாதாரண 4கே போட்டா அவ்ளோ பிரச்சினை இல்ல. முகூர்த்தத்துக்கு முன்னாடி சும்மா ஆன்லயே வைக்காதீங்க ப்ளீஸ், ரெக்கார்ட் பண்ணலன்னாலும் சூடு ஏறிட்டேதான் இருக்கும், கெட்டிமேளம் கொட்டுறப்போ கேமரா ஆஃப் ஆச்சுன்னா அந்த குடும்பத்துக்கு அந்த நிமிஷம் திரும்ப கிடைக்காது. ஸ்கிரீன கேமரா பாடிய விட்டு வெளிய திருப்பி வைங்க, பின்பக்கம் காத்து படும். சோனி வச்சிருக்கவங்க மெனுல ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்ப (எவ்ளோ சூடானா கேமரா தானா ஆஃப் ஆகணும்ங்கிற செட்டிங்) ஹை-க்கு மாத்துங்க, ஆனா ட்ரைபாட்ல இருக்கும்போது மட்டும், கைல புடிச்சு எடுத்தா சுட்டுரும். முழு சடங்கும் நிக்காம வேணும்னா உள்ளயே ஃபேன் இருக்குற ஆர்5 சி, பானாசோனிக் எஸ்1ஹெச் மாதிரி பாடிய வாடகைக்கு எடுத்துக்குறதுதான் நல்லது.