புகை எங்கே போனது?

வடசென்னையில் கொடுங்கையூர் குப்பைமேடு பற்றி எரியும் நாட்களில் எங்கள் தெருவே ஜன்னலைச் சாத்திவிடும். காற்று திசை மாறியதும் எதிர்வீட்டு அக்கா, "புகை போயிடுச்சு தம்பி, துணியக் காயப் போட்டுக்கலாம்" என்பார். பல வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கே போச்சு என்று கேட்கத் தோன்றியதில்லை.

அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு கணக்கு முறை இருக்கிறது. கனடாவில் டொனால்ட் மெக்கே என்ற வேதிப் பொறியாளர் 1979-ல் அதற்கு வழி போட்டார். சுற்றுப்புறத்தைக் காற்று, தண்ணீர், மண், ஆற்றடிச் சேறு என்று நாலு அறையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேதிப்பொருள் எந்த அறையில் எவ்வளவு தங்கும், எதற்குத் தாவும், எங்கே எவ்வளவு சீக்கிரம் சிதையும் என்று வரவு செலவு எழுத வேண்டும். இருக்கும் அறையை விட்டு வெளியேற அந்தப் பொருளுக்கு உள்ள உந்துதலைத்தான் ஃபியூகாசிட்டி என்கிறார்கள். அது அதிகமுள்ள அறையிலிருந்து குறைந்த அறைக்குப் பொருள் நகரும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிட 10 லட்சம் மடங்குக்கும் மேலாக அது எண்ணெய்ப்பசையில் சேரும். அதனால் ஆற்றில் விழுந்தாலும் தண்ணீரில் நிற்காது, சேற்றுக்கும் மீன் கொழுப்புக்கும் போய்விடும்.

என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். ஒரே பொருள்தான், ஆனால் காற்றில் விட்டால் ஒரு ஆயுள், மண்ணில் கொட்டினால் வேறு ஆயுள். எளிதில் சிதையாத நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்த 2001-ல் நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் இப்படி இடம் பிரித்துத்தான் பார்க்கிறது. பாதியாகக் குறைய காற்றில் 2 நாளுக்கு மேல், தண்ணீரில் 2 மாதத்துக்கு மேல், மண்ணில் 6 மாதத்துக்கு மேல் ஆனால் சந்தேகப்பட வேண்டிய பொருள். நம் வெயிலில் ஆவியாகிறவை குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி எழுந்து, தத்தித் தத்தி வடதுருவம் வரை போகும். பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தை அங்குள்ள இனுவிட் தாய்மார்களின் பாலிலேயே கண்டுபிடித்தார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். பிவிசி பிளாஸ்டிக் ஒயரும் குழாயும் குப்பையோடு எரிந்தால் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். கரித்தூளோடு ஒட்டி மண்ணில் இறங்கும். மனித உடம்புக்குள் போனால் அதில் பாதி குறையவே 7 முதல் 11 ஆண்டு ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நாம் நம்பிப் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டில் உள்ள 8 பொருட்களில் டையாக்சின் கிடையாது. எண் பச்சையில் இருந்தாலும் மண்ணில் இறங்கியதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். குப்பையை எரிக்கிற திட்டம் எதுவாக இருந்தாலும், புகைபோக்கியில் எவ்வளவு வரும் என்பதோடு நிறுத்தாமல், அது எந்த மண்ணில் விழும், கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் எத்தனை வருஷம் கிடக்கும் என்ற கணக்கையும் முதலில் எங்கள் முன் வையுங்கள். அதற்கு இங்கேயே மண்ணும் சேறும் எடுத்து அளக்க வேண்டும். வெளியூர் மண்ணின் எண்களைப் போட்டால் வருவது வெளியூர்க் கணக்குதான்.

அப்புறம் முட்டை. மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையில் டையாக்சின் சேரும் என்பதால் பல நாடுகளில் அதைத்தான் எடுத்துச் சோதிக்கிறார்கள். அக்கா வளர்க்கும் கோழிகள் மேட்டின் ஓரத்தில்தான் மேய்கின்றன. வாரம் நாலு முட்டை என் மகளுக்கு என்று ஆசையாகக் கொடுத்தனுப்புகிறார். அந்த முட்டையை யாராவது ஒருமுறை சோதித்துச் சொல்லுங்கள்.