மாட்டினா கம்ப்யூட்டர், கழட்டினா தலைவலி

(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ். பவானி அக்காவின் பூக்கடை. லோ யாட் பிளாசாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் குமார், பையிலிருந்து பத்து அங்குலச் சாமான் ஒன்றை எடுத்து மல்லிகைக் கூடை பக்கத்தில் வைக்கிறார்.)

பவானி: என்ன தம்பி, ரிப்பேருக்குக் கொடுத்தா ரெண்டா உடைச்சுக் கொண்டு வந்திருக்க?

குமார்: உடையல லா க்கா. கழண்டு வர்ற ரகம் இது. திரை தனி, கீபோர்டு தனி. இப்படி வச்சு அமுக்குனா லேப்டாப்.

பவானி: அந்த விண்டோஸ் என்னாச்சு?

குமார்: தூக்கிட்டேன். 2014 மாடல், ராம் 2 ஜிபி, உள்ள இடம் 32 ஜிபி. ஒரு பெரிய அப்டேட் வந்தா இறங்கவே இடம் பத்தாது. விண்டோஸுக்குப் பதிலா டெபியன் லினக்ஸ்னு இலவச சிஸ்டம் போட்டிருக்கேன்.

பவானி: அதுக்கா இத்தனை நாளு?

குமார்: பென்டிரைவ் செருகினா ஏறிடும்னு நினைச்சீங்களா? இதுல உள்ள இன்டெல் பே டிரெயில் சிப் 64 பிட். ஆனா பவர் போட்டதும் அதை எழுப்பி விடுற உள் மென்பொருள், யூ.இ.எஃப்.ஐ., 32 பிட். நிறைய லினக்ஸ் பென்டிரைவுல சிஸ்டத்தைக் கிளப்பி விடுற பூட்லோடர் 64 பிட்ல மட்டும்தான் இருக்கும். இது அதைத் திரும்பியே பார்க்காது.

பவானி: முதலாளி பட்டதாரி, வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா ரெண்டாம் வகுப்பு.

குமார்: அதேதான். அந்த ஜாகாவுக்குப் புரியுற 32 பிட் பூட்லோடர் பென்டிரைவுல இருக்கணும். டெபியன் 2015-ல வந்த 8-ஆம் பதிப்புலயே இதுக்கு வழி பண்ணிட்டாங்க. ஃபெடோரான்னு இன்னொரு லினக்ஸுல 27-ஆம் பதிப்புலிருந்து. முத்திரை இல்லாத சிஸ்டத்தைத் தடுக்கிற செக்யூர் பூட்டையும் அணைச்சேன். பென்டிரைவ் செருகுற பெரிய ஓட்டை கீபோர்டுலதான் இருக்கு, அதனால மாட்டி வச்சுத்தான் ஏத்தணும்.

பவானி: சரி, ஏறிடுச்சுல்ல?

குமார்: ஏறுச்சு, வைஃபை வரல. டிரைவர் இருக்கு, இந்த போர்டுக்கு ஆன்டெனா எப்படி, பவர் எவ்வளவுன்னு சொல்ற என்விராம் கோப்பைக் காணோம். அது யூ.இ.எஃப்.ஐ. உள்ளேயே ஒளிஞ்சு கிடக்கு. லினக்ஸோட உயிர்ப் பகுதி கெர்னல்; புது கெர்னல் தானே தேடி எடுத்துக்கும், பழசுக்கு நாமதான் நகல் எடுத்து வைக்கணும். அதுவரைக்கும் போனை யூஎஸ்பில மாட்டி அதோட நெட்டை வாங்குற டெதரிங்.

பவானி: அப்புறம்?

குமார்: அப்புறம் உறைஞ்சு போச்சு. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு மவுஸ் கூட நகராது. சிப் சும்மா இருக்கறப்போ ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிடுது, திரும்பி வர மாட்டேங்குது.

பவானி: எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு.

குமார்: அவருக்கு மருந்து தெரியாது க்கா. இதுக்கு உண்டு. கிரப்னா இதோட பூட்லோடர். அதோட அமைப்புல "இன்டெல் ஐடில், மேக்ஸ் சி ஸ்டேட் 1"னு ஒரு வரி சேர்த்து, அப்டேட் கிரப் ஓட்டணும். இனி லேசாத்தான் தூங்கும். என்ன, பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

(அக்கா கீபோர்டைக் கழட்டி, திரையை நெட்டுக்குத்தலாகப் பிடிக்கிறார்.)

பவானி: ஐயோ, எல்லாம் தலைகீழா நிக்குது!

குமார்: சாய்வு பார்க்கிற சென்சாரை போர்டுல வேற திசையில ஒட்டியிருக்காங்க. ஹெச்டபிள்யூடிபின்னு சாமான் விவரம் வைக்கிற கோப்புல, திசையைச் சொல்ற ஒரு மேட்ரிக்ஸ் எழுதினா நேராயிடும், இன்னிக்கு எழுதிடறேன். இப்போ மேல இருக்கிற அந்தப் படத்தைத் தொடுங்க.

பவானி: தொட்டேன். சரியாத்தான் திறக்குது.

குமார்: திரையில படம் காட்டுற புது முறை வேலாண்ட், அதுல ஓடுறதால சரியா இருக்கு. பழைய முறை எக்ஸ்11-ல பல நேரம் படம் மட்டும் திரும்பும், டச் திரும்பாது. இந்த மூலையில தொட்டா அந்த மூலையில திறக்கும்.

பவானி: இப்போ நான் தொடாமலே என்னமோ திறக்குதே?

குமார்: கையைத் துடைங்க க்கா! பூவுக்குத் தெளிச்ச தண்ணி சொட்டி நிக்குது. இந்த மாதிரித் திரைக்குச் சொட்டுத் தண்ணியும் விரலும் ஒண்ணுதான்.

பவானி: என் கடையில கை காயுறது தீபாவளிக்கு மறுநாள்தான்.

குமார்: அப்போ கீபோர்டுல மாட்டியே வைங்க. ஆனா திரையைப் பலமா அழுத்தாதீங்க. பேட்டரி, போர்டு எல்லாம் மேல் பக்கம். கீழ வெறும் கூடு, மல்லாந்துடும். கேமராவை மறந்துடுங்க, வராது. பிரௌசர்ல மூணு நாலு டேப் போதும், ராமைச் சுருக்கி இடம் பண்ற இசட்ராம் போட்டும் அவ்வளவுதான் தாங்கும்.

பவானி: இதுல இருக்கிற கடைக் கணக்கை யாரும் பார்க்கக் கூடாதுன்னேனே?

குமார்: டிஸ்க்கையே என்க்ரிப்ட் பண்ணிட்டேன், பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் படிக்க முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: லாகின் பண்ற இடத்துல திரையிலேயே கீபோர்டு வரும், அதுக்கு முன்னாடி டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கிற இடத்துல வராது. கீபோர்டு மாட்டலைன்னா அணைச்சுப் போட்டதை யாராலயும் திறக்க முடியாது.

பவானி: ஓ... சரி, கூலி எவ்வளவு?

குமார்: நமக்குள்ள என்ன க்கா. எண்பது ரிங்கிட்.

பவானி: கடன் கணக்குல கழிச்சுக்கிறேன்.

குமார்: யார் கடன்?

பவானி: உன் தங்கச்சி கல்யாண மாலை, முதல் பக்கத்துலயே இருக்கு.

குமார்: அதைக் கொடுத்துட்டேனே! திறந்து காட்டுங்க பார்ப்போம்.

(அக்கா கம்ப்யூட்டரை முழுதாக ஆஃப் செய்து, திரையை மட்டும் குமார் கையில் கொடுக்கிறார். கீபோர்டைப் பூக்கூடைக்கு அடியில் தள்ளுகிறார்.)

பவானி: இந்தா, நல்லாப் பார்த்துக்கோ.