பிரேக்கர் விழுந்தால் பிரேக்கரையா மாற்றுவது?

மின்சாரம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரான எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று சொல்லி ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் சுவரைப் பார்ப்பதில்லை, ஒயரைப் பார்ப்பதில்லை, என்ன லோடு ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எம்சிபிகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்ததும் தீர்ப்பு ரெடி: "பெரிசா ஒண்ணு போட்டுடலாம் சார்." 16 ஆம்பியர் விழுகிறதா, 20 போடு. 20 விழுகிறதா, 32 போடு. விழுவது நின்றுவிட்டதா? வேலை முடிந்தது, கூலியைக் கொடு.

ஐயா, அந்த எம்சிபி எதைக் காப்பாற்ற அங்கே உட்கார்ந்திருக்கிறது? ஏசியையா? கீஸரையா? சுவருக்குள் புதைந்து கிடக்கும் ஒயரை! ஒயர் தாங்குகிற அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால் அது சூடாகும், அதற்கு முன்னால் இணைப்பைத் துண்டிப்பதுதான் எம்சிபியின் முதல் வேலை. ஒயரை அப்படியே விட்டுவிட்டு எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது, பலவீனமான பாலத்தின் முகப்பில் இருக்கும் 'கனரக வாகனங்கள் செல்லக் கூடாது' பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாலத்தைப் பலப்படுத்திவிட்டேன் என்று சொல்வது போலத்தான்.

கணக்கு வேண்டுமா? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சாதாரண பிவிசி உறை, பைப்புக்குள் தனியாக ஓடினால் ஏறத்தாழ 24 ஆம்பியர் தாங்கும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட்டைத் திணித்தால், ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறி, தாங்கும் அளவு 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது 17 ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. இப்போது அதன் தலையில் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டுங்கள். 32 என்று எழுதியிருப்பதால் 32-ஐத் தாண்டியதும் பட்டென்று விழும் என்று நினைக்கிறீர்களா? விழாது. வீட்டு எம்சிபிகளுக்கான சர்வதேசத் தரமே, அதில் எழுதியிருக்கும் அளவைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது என்கிறது. 1.45 மடங்கு ஓடும்போதுதான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். ஆக, 17 ஆம்பியர் தாங்காத ஒயரில் 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்தப் புது எம்சிபி அசையாமல் வேடிக்கை பார்க்கும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவது. மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. சாதாரண பிவிசிக்கு எல்லை 70 டிகிரிதான், அதைத் தாண்டித் தாண்டி ஓட்டினால் உறை காய்ந்து, வெடித்து, உதிரும். சுவருக்குள் நடப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. "எம்சிபி விழலையே சார், எல்லாம் ஓகே."

இந்தக் கூத்தின் பெரிய வடிவம்தான் 'சர்வீஸ் அப்கிரேடு'. ஏசி கூடியது, இண்டக்ஷன் அடுப்பு வந்தது, கார் சார்ஜர் வரப்போகிறது, அதனால் லோடைக் கூட்டி விண்ணப்பித்துப் பெரிய மீட்டர், தடித்த மெயின் கேபிள், புது மெயின் ஸ்விட்ச். சரி, நல்லது. மீட்டரிலிருந்து டிபி வரைதானே அது? அதற்கு அப்பால் சுவருக்குள் பழைய ஒயர் அப்படியே இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது வாயைத் திறக்கிறார்களா? ஒரே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு அறையின் விளக்கு, ஃபேன், பிளக் எல்லாம் தொங்கும், அதன் கடைசியில் கீஸர். 3000 வாட் கீஸர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். டிபியிலிருந்து 20 மீட்டர் தூரம் என்றால் போக வர 40 மீட்டர் ஒயர். கீஸர் ஓடும் நேரமெல்லாம் 80 வாட்டுக்கு மேல் சுவருக்குள்ளேயே சூடாக வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்திருந்தால் அது முப்பதைச் சுற்றி நின்றிருக்கும். கார் சார்ஜர் இன்னும் மோசம். 32 ஆம்பியர், இடைவெளியே இல்லாமல் மணிக்கணக்கில். தனி சர்க்யூட், குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர், தூரமும் வெயிலும் கூடினால் 10. இதைச் சொன்னால் "அவ்வளவு தேவைப்படாது சார், நான் எத்தனை வீட்டுக்குப் பண்ணியிருக்கேன்" என்று பதில். எத்தனை வீட்டுக்கு என்று நினைத்தால்தான் எனக்கு பயமே.

த்ரீ ஃபேஸ் வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வேறு நினைப்பு. மூன்று ஃபேஸ் கொடுத்தால் பாதி லோடை ஒரே ஃபேஸில் மாட்டிவைக்கிறார்கள். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு ஒயரான நியூட்ரலை முறுக்காமல் விட்டால் கதை கந்தல். அது கழன்றால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் எகிறும், 400-ஐ நெருங்கக்கூடப் பார்க்கும். டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில் போகும்.

ஒயர் வாங்குவது தனி எரிச்சல். "ஃபயர் ப்ரூஃப் ஒயர், எவ்வளவு லோடும் தாங்கும்" என்று கூசாமல் சொல்கிறார்கள். உறையில் எஃப்ஆர் என்று இருந்தால் தீ பிடித்தாலும் ஒயர் வழியாக எளிதில் பரவாது என்று பொருள். எஃப்ஆர்எல்எஸ் என்றால் புகையும் குறைவு. ஒரு ஆம்பியர்கூட அதிகம் தாங்கும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? தாங்குவது செம்பின் குறுக்களவு. அந்தச் செம்பிலும் ஏமாற்று. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசி, முழுச் செம்பு என்று தலையில் கட்டுகிறார்கள். கத்தியால் இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அதே மின்னோட்டத்துக்கு அலுமினியம் தடிப்பாக இருக்க வேண்டும், செம்போடு நேராக முறுக்கினால் இணைப்பு மெல்ல மெல்லக் கெட்டுச் சூடாகும். 1965 முதல் 1973 வரை அமெரிக்க வீடுகளில் அலுமினிய ஒயர் போட்டு, இணைப்புகளில் தீப்பிடித்துப் பட்ட பாடு ஊரறிந்த சங்கதி.

இதையெல்லாம் மீறி நல்ல ஒயரே வாங்கிக் கொடுத்தாலும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எம்சிபியின் துளைக்குள் தடித்த ஒயர் நுழையவில்லை என்று கட்டிங் பிளேயரை எடுத்து நாலு இழையை நறுக்கிவிட்டு மீதியைத் திணிக்கிறார்கள்! 6 சதுர மில்லிமீட்டருக்குப் பணம் கொடுத்தவன் முனையில் 4-ஐ வைத்துக்கொண்டு நிற்கிறான். சூடு ஏறுவதும் அந்த முனையில்தான். ஒயர் முனையில் மாட்டும் உலோக முனையான லக் ஒன்றை வைத்து அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி பற்றிப் பேசினால் ரத்தம் கொதிக்கிறது. எம்சிபி உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. மனித உடலில் பாயும் மில்லி ஆம்பியர்கள் அதன் கண்ணுக்கே படாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபிதான் உயிரைக் காப்பது. அது விழுகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றித் தேட வேண்டும். நம் ஆள் தேடுவதில்லை. "சும்மா சும்மா விழுதுன்னு பைபாஸ் பண்ணிட்டேன் சார்." பெருமையாக வேறு சொல்கிறார்! மூன்று துளை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பச்சை ஒயர் பாக்ஸுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், எர்த் முனை காலி.

இனி வேலைக்கு வருகிறவரிடம் முன்கூட்டியே ஒரு தாளை நீட்டப்போகிறேன். எந்த சர்க்யூட், என்ன லோடு, எத்தனை மீட்டர், எந்த அளவு ஒயர், எத்தனை ஆம்பியர் எம்சிபி என்று எழுதி, வேலை தொடங்கும் முன் கையெழுத்து போட வேண்டும். எழுத மாட்டேன் என்றால் டிபி பாக்ஸைத் தொட விடமாட்டேன். அப்புறம், எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றின் கீழும் ஒட்டிவிட்டுப் போங்கள், மார்க்கர் பேனா நானே தருகிறேன்.