கூலன்ட் பனிக்கு மட்டும் இல்லை
"பழைய ஆல்டோ காருக்கு கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற திரவம்) வீண்செலவு, ராமநாதபுரத்துல பனியா கொட்டுது, போர் தண்ணியே போதும்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். அது சரியில்லை அண்ணே.

உறையாம காக்கிறது கூலன்ட்டோட ஒரு வேலைதான். அது நமக்குத் தேவையில்லை, ஒத்துக்கிறேன். ஆனா கொதிநிலையைக் கூட்டுறதும், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் உள்ளே துரு ஏறாம தடுக்கிறதும் அதே கூலன்ட்தான். நம்ம கரையோரத் தண்ணியோ உப்பு. டீ போட்டாலே தெரியும்.

நீங்களே பார்க்கலாம். எவர்சில்வர் தட்டுல ஒரு கரண்டி போர் தண்ணி, தள்ளி ஒரு கரண்டி டிஸ்டில்டு வாட்டர் (பேட்டரிக்கு ஊத்துறது) விட்டு வெயில்ல காயவைங்க. போர் தண்ணி காய்ஞ்ச இடத்துல வெள்ளையா படியும். ரேடியேட்டரோட மெல்லிசுக் குழாய்க்குள்ளயும் அதேதான் படியுது. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் கூலன்ட் ரிசர்வ் டப்பாவைப் பாருங்க (சூட்டுல ரேடியேட்டர் மூடியில கையே வைக்காதீங்க). காவி நிறமா இருந்தா பெரும்பாலும் துருதான். எந்த வகை, எப்போ மாத்தணும்னு வண்டியோட வந்த கையேட்டுலயே இருக்கு.

கூலன்ட் மாத்த சில நூறு ரூபாய். சூடேறி ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில கசியாம அடைக்கிற தகடு) போனா ஆயிரக்கணக்குல போகும்.

உச்சிப்புளி ரோட்டுல அவசரத்துக்குத் தண்ணி ஊத்தி வீடு வந்து சேர்றது தப்பில்லை. அப்புறம் அதை வடிச்சிட்டு கூலன்ட் ஊத்திடுங்க.