நமக்குள்ளே என்ன கணக்கு

(திருகோணமலையில் ஒரு வீடு. கணித மாஸ்டர் தன் வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கப் பழைய சிநேகிதனான பெயின்டரைக் கூப்பிட்டிருக்கிறார்.)

மாஸ்டர்: சதுர அடிக்கு 40 ரூபாயா? சரி மச்சான், நான் பேரமே பேச மாட்டேன். நமக்குள்ளே என்ன கணக்கு?

பெயின்டர்: 40 கூலி மட்டும்தான். பழசைச் சுரண்டி, ஓட்டை வெடிப்புக்குப் பில்லர் வைத்துத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட், இமல்ஷன் இரண்டு கோட். சாமான் உன் செலவு.

மாஸ்டர்: சாமானா? நேற்றே வாங்கிவிட்டேன். பார், 10 லீட்டர் வாளி.

பெயின்டர்: நல்லது. இது எந்த அறைக்கு?

மாஸ்டர்: முழு வீட்டுக்கும்.

(பெயின்டர் வாளியைப் பார்க்கிறார், வீட்டைப் பார்க்கிறார். பிறகு டேப்பை எடுத்துச் சுவரில் வைக்கிறார்.)

மாஸ்டர்: சுவரை எதற்கு அளக்கிறாய்? அளவெல்லாம் நான் எடுத்துவிட்டேன். மூன்று அறையும் பத்துக்குப் பன்னிரண்டு. ஹோல் பதினாறுக்குப் பதினாலு. மொத்தம் 584 சதுர அடி. உன் 40 ரூபாய்க்கு 23,360 வரும். சில்லறையை விடு, 20 ஆயிரம்.

பெயின்டர்: தரைக்கா பெயின்ட் அடிக்கச் சொன்னாய்?

மாஸ்டர்: வீட்டின் அளவு அதுதானே?

பெயின்டர்: மச்சான், நீ ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறாய். கனவுருவின், அதாவது பெட்டி வடிவத்தின், மேற்பரப்பு என்று ஒரு பாடம் வரும். என் மகள் அதை உன்னிடம்தான் படித்தாள்.

மாஸ்டர்: அது சோதனைக்கு.

பெயின்டர்: ஓர் அறையின் நாலு சுவரையும் சுற்றி வந்தால் 44 அடி. மூன்று அறைக்கு 132. ஹோல் 60. கூட்டினால் 192. உயரம் பத்தடி. ஆக 1,920. கதவு, யன்னலுக்கு 220 கழித்துவிடுகிறேன். மிச்சம் 1,700. 40ஆல் பெருக்கிச் சொல்.

மாஸ்டர்: 68,000... மச்சான்!

பெயின்டர்: பெருக்கல் சரியாக வருகிறது.

மாஸ்டர்: நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். நமக்குள்ளே இப்படி ஒரு கணக்கா?

பெயின்டர்: காலையில் பாரை மீன் வாங்கி வந்தாயே, அந்த மீன்காரனும் எங்கள் வகுப்புத்தான். அவனிடம் இதைச் சொன்னாயா?

மாஸ்டர்: அவன் கையில் கத்தி இருக்கிறது.

பெயின்டர்: என்னிடம் ஸ்கிரேப்பர் இருக்கிறது. இதுவரை யாரும் பயந்ததில்லை.

(எங்கள் ஊரில் தையல்காரர், கமராக்காரர், கொம்பியூட்டர் திருத்துகிற பொடியன் எல்லோருக்கும் இதே கதிதான். தெரிந்தவன் கையால் செய்கிற வேலைக்குக் காசு கொடுப்பதை ஏதோ அவனை அவமதிப்பது போல நினைத்துக்கொள்கிறோம். அதே ஆள் பெயர்ப் பலகை மாட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசியும் பூட்டினால் கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லி வருவோம்.)

மாஸ்டர்: சரி, கழிக்க வேண்டியதைக் கழி. இந்த அலுமாரிக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆறுக்கு நாலு, 24 சதுர அடி.

பெயின்டர்: 960 ரூபாய்.

மாஸ்டர்: பார், வருகிறதே! கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஆறு. சாமிப் படங்களுக்குப் பின்னால் ஒரு ஒன்பது.

பெயின்டர்: கோணேசருக்குப் பின்னாலும் கழிக்கிறாயா?

மாஸ்டர்: அவர் மலை மேலே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். என் வீட்டுச் சுவரையா பார்க்கிறார்?

பெயின்டர்: அப்படியே கதிரைகளையும் சுவரோடு ஒட்டிப் போடு. மாமியாரை வடக்குப் பக்கம் நிற்பாட்டு. அவருக்குப் பின்னால் ஒரு பத்து அடியாவது மிஞ்சும்.

மாஸ்டர்: பகிடி விடாதே. பெயின்டுக்காவது ஒரு வழி சொல்.

பெயின்டர்: 1,700 அடிக்கு இரண்டு கோட் என்றால் 3,400. ஒரு லீட்டர் ஒரு கோட்டுக்கு நூறு சதுர அடி அளவில் போகும். ஏறக்குறைய 34 லீட்டர் வேண்டும். உன்னிடம் 10 இருக்கிறது.

மாஸ்டர்: தண்ணீர் கூட விட்டு இழுக்கலாமே?

பெயின்டர்: இழுக்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய் ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளி வா. பெயின்டும் அடிக்கலாம், அங்கே செத்தவர்களுக்குச் செய்கிற சடங்கை வீட்டுக்கும் செய்யலாம். வெள்ளைக்குக் கீழே பழைய பச்சை தெரியும். ஆட்கள் கேட்டால் புதுக் கலர் என்று சொல்லு.

மாஸ்டர்: அந்தக் கடற்பக்கத்துச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. அதற்கு மேலேயே ஒரு கோட் போட்டு மறைத்துவிடு.

பெயின்டர்: அது மறையாது. சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம்தான் உப்பை வெளியே தள்ளுகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து முதலில் அதை அடைக்க வேண்டும். பிறகு கச்சான் காற்றில் நன்றாகக் காயவிட்டு, உப்பைப் பிரஷ் போட்டுத் தட்டி, அதற்குப் பிறகுதான் பிரைமர். இப்போதே மேலே அடித்தால் அடுத்த மாரிக்கு அப்பளம் மாதிரி எழும்பும். அப்போது நீ கனடாவில் இருக்கிற அண்ணனுக்குப் போன் எடுத்து என்ன பெயின்டர் என்று என்னைத்தான் திட்டுவாய்.

மாஸ்டர்: கனடா என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். வந்தால் எத்தனை ஆட்கள் பார்க்க வருவார்கள்! எல்லோரிடமும் உன் வேலைதான் என்று சொல்லுவேன். அதற்கு ஒரு விலை இல்லையா?

பெயின்டர்: டொரொன்டோவில் சுவர் அடிக்க எனக்கு விசா எடுத்துத் தருவார்களா?

மாஸ்டர்: உள்ளூர் ஆட்களும் வருவார்கள்.

பெயின்டர்: அவர்களும் உன்னைப் போல ஒன்றாம் வகுப்பில் படித்தவர்களாக இருந்தால் நான் அரிசி வாங்குகிற மாதிரி இல்லை.

மாஸ்டர்: நீ மாறிவிட்டாய் மச்சான். சிநேகிதனுக்கென்று ஒரு விலை இருக்கிறது.

பெயின்டர்: ஓம், இருக்கிறது. சாதாரண விலையை விட அது கூட. சொல்கிறேன், கேள். தெரியாத ஆள் வீடு என்றால் கலரைச் சொல்வார், திறப்பைத் தருவார், வேலை முடியக் காசைத் தருவார். சிநேகிதன் வீட்டில் முதலில் இளம் பச்சை. ஹோலில் பாதி அடித்த பிறகு வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு நீலம்தான் குளிர்ச்சி என்பாள். சுவிட்சில் ஒரு துளி பட்டிருக்கிறது என்று இரவு பத்து மணிக்குப் போன் வரும். அப்படியே வந்தது வந்தாய், கேட்டுக்கும் ஒரு கோட் போடு, அந்தப் பூச்சாடிக்கும் ஒரு கோட் போடு. பிளேன்டீ மட்டும் நேரத்துக்கு வரும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் காசைக் கேட்டால் சித்திரை பிறக்கட்டும்! இதற்கெல்லாம் நான் தனியாகக் கணக்குப் போட்டால் நீ தாங்க மாட்டாய்.

மாஸ்டர்: சீலிங்கையும் சும்மா ஒரு கோட் போட்டுவிடுவாய் தானே?

(மாஸ்டருக்கு இவ்வளவு பேச்சில் விளங்கியது இதுதான்.)

பெயின்டர்: மச்சான், டிசம்பரில் மழை என்று இரண்டு கிழமை நீ வகுப்பு வைக்கவில்லை. மாதக் காசை என் மகளிடம் முழுதாகத்தான் வாங்கினாய்.

மாஸ்டர்: அது வேறு. அது நிர்வாகம்.

பெயின்டர்: ஜனவரியில் ஐந்தாம் திகதி தாண்டிவிட்டது என்று பிள்ளையை வாசலில் நிற்பாட்டினாய். பிள்ளை என்னிடம் வந்து, அப்பா, அவர் உங்கள் சிநேகிதர் தானே என்று கேட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? படிப்பிக்கிறதும் வேலைதான், காசைக் கேட்கத்தான் செய்வார் என்றேன். உன்னிடம் வந்து குறைக்கச் சொன்னேனா?

மாஸ்டர்: ...

பெயின்டர்: சொல்.

மாஸ்டர்: சரி, 65 ஆயிரம்.

பெயின்டர்: சரி, 65 ஆயிரத்துக்கு அடிக்கிறேன். சீலிங் இல்லை. கேட் இல்லை. பூச்சாடி இல்லவே இல்லை. அரைவாசி முன்பணம்.

மாஸ்டர்: தருகிறேன். ஒரு சின்ன உதவி மட்டும் செய். பில் துண்டு ஒன்று எழுதித் தா. அதில் 90 ஆயிரம் என்று போடு.

பெயின்டர்: ஏன் 90?

மாஸ்டர்: கூலியை அண்ணன்தான் அனுப்புகிறார். அவருக்கு வட்சப்பில் துண்டை அனுப்ப வேண்டும்.

பெயின்டர்: உன் கூடப் பிறந்த அண்ணனா?

மாஸ்டர்: ஓம். அவருக்கு அங்கே 25 ஆயிரம் ஒரு காசா?

பெயின்டர்: இவ்வளவு நேரமும் அலுமாரிக்குப் பின்னால் 960 ரூபாயைத் தேடிக்கொண்டிருந்தாயே!

மாஸ்டர்: மெதுவாகப் பேசு, அவள் அடுப்படியில் நிற்கிறாள். எழுதுகிறாயா, இல்லையா?

பெயின்டர்: பேனாவைத் தா. 90 ஆயிரம் என்றே எழுதுகிறேன். எழுதினதை அப்படியே தந்துவிடு, அலுமாரிக்குப் பின்னாலும் இரண்டு கோட் அடித்துத் தருகிறேன்.