எழுந்து போய்த் திருப்பிப் போட வைக்கிற தட்டு

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு என் அலமாரிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை நான்கு முறை போட்டிருப்பேன். அதிலும் ஒரு முறை, வீட்டுக்கு வந்த நண்பரிடம் ‘இதுவும் இருக்கு பார்’ என்று காட்டுவதற்காக.

புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவன் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ‘கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஐம்பது ஆல்பங்கள்’ என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்களே, அதில் நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் வருகிற பெயர்களை டிக் அடித்தேன். கைண்ட் ஆஃப் புளூ, பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’, ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’. ஒவ்வொன்றும் 3,000 ரூபாய்க்கு மேல். இன்றைக்கு அந்த நான்கில் நானாகத் தேடி எடுப்பது டார்க் சைடை மட்டும்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த இசையைக் குறை சொல்லவில்லை. கைண்ட் ஆஃப் புளூவைப் போனில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆனால் நான் வாங்கிய தட்டு அசல் நிறுவனம் போட்டதே இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு 50 வருடம்தான். அப்புறம் 70 ஆக்கினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியான பழைய பதிவுகளுக்கு உரிமை திரும்ப வரவில்லை. இது 1959-இல் வந்த ஆல்பம். அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம், விற்கிறார்கள். மூல டேப் அவர்கள் கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, ஒரு சி.டி. போதும். என்னிடம் இருப்பதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றுகிறது. உறையில் மட்டும் ‘180 கிராம்’ என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். எடை பார்த்து வாங்க இது என்ன சீர்வரிசை வெள்ளித்தட்டா?

இதே ஆல்பத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. முதல் பக்கத்து மூன்று பாட்டும் 1959 மார்ச் 2 அன்று ஒரே அமர்வில் பதிவானவை. அன்றைக்கு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும் அல்லவா? முப்பது வருடத்துக்கு மேல் உலகமே அந்தப் பக்கத்தைச் சுருதி ஏறிப்போன நிலையில்தான் கேட்டது. 1990களில்தான் திருத்தினார்கள். ஆக, ‘கைண்ட் ஆஃப் புளூ வாங்கு’ என்கிற பட்டியல் எந்த அச்சு, எந்த வேகம் என்று சொல்வதில்லை. காய்கறி வாங்கி வா என்று மட்டும் சொல்லி அனுப்புகிற மாதிரி.

என் கட்சி இதுதான். நல்ல இசையின் பட்டியல் வேறு, தட்டில் வைத்திருக்க வேண்டியதன் பட்டியல் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் அலமாரி நிறைகிறது, முள் தூங்குகிறது.

பன்னிரண்டு அங்குல எல்.பி.யில், அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டில், ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம் வசதியாகப் பிடிக்கும். அதற்கு மேல் திணித்தால் வரிகளை, அதாவது முள் ஓடுகிற பள்ளங்களை, நெருக்க வேண்டும், ஒலி அடங்கிப்போகும். இன்னொன்று, தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள்ளுக்கடியில் ஓடுகிற தூரம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் போல ஓடுவது, உள்ளே லேபிள் பக்கம் வரும்போது இருபது சொச்சமாகக் குறைந்துவிடும். அதே இசை, பாதிக்கும் குறைவான இடம். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ எல்லாம் சீறுவது இதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் கடைசியில் அமைதியான பாட்டாகப் பார்த்து வைத்தார்கள். எதில் தொடங்குவது, எதில் முடிப்பது, கேட்பவன் எந்த மனநிலையில் எழுந்து வந்து தட்டைத் திருப்புவான் என்று கணக்குப் போட்டுச் செய்த ஆல்பங்கள் உண்டு. டார்க் சைடில் முதல் பக்கம் வார்த்தையே இல்லாத ஒரு பெண் குரலின் கதறலோடு அடங்குகிறது. திருப்பிப் போட்டால் கல்லாப்பெட்டிச் சத்தம். நடுவில் இருக்கும் அந்த அரை நிமிட மௌனம் போனில் கிடையாது. அதற்காகத்தான் அந்தத் தட்டு.

இந்தக் கண்ணால் நம் ஊர் தட்டுகளைப் பார்த்தால் பட்டியலே மாறிவிடுகிறது.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கக் கூடியவர். அவர் காலத்து 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். கர்நாடக இசைக்காரர்கள் ஒரு தலைமுறை முழுக்க ராகத்தை மடித்துச் சுருட்டி அந்த டப்பாவுக்குள் அடைத்தார்கள். அதுவும் ஒரு கலைதான், மறுக்கவில்லை. 1948-இல் அமெரிக்காவில் எல்.பி. வந்து, அது இங்கேயும் பரவிய பிறகுதான் ஒரு ராகம் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

அந்த இடத்தை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தைத்தான் முதலில் சொல்வேன். 1963-இல் வந்தது. சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களம் 14. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்தில் முடிகிறது. எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. ‘அது எல்லா டீக்கடையிலும் ஓடுகிறதே, இதற்கு எதற்குத் தட்டு?’ என்பீர்கள். எல்லா இடத்திலும் ஓடுவதால்தான் நாம் அதைக் காதால் கேட்பதையே விட்டுவிட்டோம். ஒரு நாள் நல்ல பிரதி ஒன்றைப் போட்டு, கூடவே ராதா விசுவநாதனின் குரல் எங்கெங்கே சேர்கிறது, எங்கே இரண்டும் ஒன்றாகிப் பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் அந்தப் புத்தி வந்தது.

இரண்டாவது, பலரும் முகம் சுளிக்கப் போகிற ஒன்று: ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம். 1965-இல் வந்த படத்தின் கதை வசனத்தைத் தட்டாகப் போட்டார்கள். திருவிழா என்றால் மைக் செட்டில் இது ஓடாமல் இருக்காது. படத்தையே பார்க்காமல் தருமி காட்சியை மனப்பாடமாகச் சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள், எல்லாம் கூம்பு ஒலிபெருக்கி கொடுத்த படிப்பு. உலகத்தில் எந்த ‘கட்டாயம்’ பட்டியலிலும் வசனத் தட்டுக்கு இடம் கிடையாது. நம் பட்டியலில் அது இல்லையென்றால் அது யாருடைய பட்டியல்? நான் இதை வாங்கி வந்த அன்று அம்மா சமையலறையில் இருந்தபடியே நாகேஷுக்கு முன்னால் நாகேஷ் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அடுத்த பக்கம் போடுடா, நக்கீரர் வரணும்” என்று வேறு அதட்டல். கைண்ட் ஆஃப் புளூவுக்கு எங்கள் வீட்டில் யாரும் அப்படி அதட்டியதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். இளையராஜா.

ராஜா படத் தட்டுகளை இன்று 5,000, 10,000 என்று விலை சொல்கிறார்கள். வாங்காதீர்கள் என்பது என் கருத்து. கல் எடுப்பதற்கு முன் காரணத்தையும் கேட்டுவிடுங்கள். 80களின் படத் தட்டுகள் பல, எல்.பி. என்கிற வடிவத்தை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் என்று வந்தவை ஏராளம். பாட்டு அற்புதம், ஆனால் தட்டு வெறும் பாத்திரம். படப்பாட்டுக்குப் பொருத்தமானது ஏழு அங்குல ஈ.பி. 45 வேகத்தில் சுற்றும், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. விலையும் கம்மி, வேகம் கூடுதல் என்பதால் வரிகளுக்கு மூச்சு விட இடமும் உண்டு.

ராஜாவின் எல்.பி. ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் அது ‘ஹவ் டு நேம் இட்’. 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஃகுக்கும் சமர்ப்பணம் செய்தது, வி.எஸ். நரசிம்மனின் வயலின். ‘பாஃகை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒன்று, அதை அடுத்தே ‘நாங்கள் பேசினோம்’ என்று இன்னொன்று. இந்த வரிசையைக் கலைத்துக் கேட்டால் விருந்தாளி வருவதற்கு முன்பே பேச்சு நடந்து முடிந்திருக்கும். போனில் ஷஃபிள் போட்டு இதைக் கேட்ட பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

அதே வரிசையில் கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த ‘கிருஷ்ண கானம்’. படமே இல்லாமல், ஆல்பமாகவே யோசித்துச் செய்தது. லால்குடி ஜெயராமன், ரமணி, வெங்கட்ராமன் மூவரும் சேர்ந்த வயலின், வேணு, வீணைத் தட்டும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வெளிநாட்டுத் தட்டு ஒன்று வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம், 1976-இல் வந்தது. ஜான் மெக்லாஃப்லினின் கிடார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராகவனின் மிருதங்கம். மேலே 22 நிமிடம் என்று சட்டம் பேசினேன் இல்லையா, இதன் இரண்டாம் பக்கத்தில் ஒரே உருப்படி, 29 நிமிடம்! ஒலி அடங்கித்தான் இருக்கும், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டியதுதான். ஒரு பக்கம் முழுக்க மூச்சு விடாமல் போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. நம் ஊரில் கிடைக்கும் பழைய தட்டுகளில் பல, மைக் செட்காரர்களிடமிருந்து வந்தவை. லேபிளில் பெயின்டில் இனிஷியல் இருக்கும். கனமான முள்ளில் நூற்றுக்கணக்கான கல்யாணம் பார்த்த தட்டு அது. வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால் உள்ளே இசை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், எந்தக் கழுவலும் திருப்பித் தராது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் டர்ன்டேபிளின் நடுக்கம்பி உரசிய கோடுகள் நிறைய இருந்தால், அத்தனை முறை இருட்டில் ஓட்டையைத் தேடியிருக்கிறார்கள். வெறும் பூஞ்சை என்றால் கவலை இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். 78 வேக அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். நான் ஒன்றைக் கரைத்திருக்கிறேன். எந்தத் தட்டு என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கும் வயிறு எரியும்.

கடைசியாக ஒரு வியாபாரம். மேலே சொன்ன கைண்ட் ஆஃப் புளூ, புத்தம் புதிது மாதிரி இருக்கிறது, ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை. நாகூர் ஹனிபாவின் ஈ.பி. யாரிடமாவது இரண்டு இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார். உறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மைக் செட் இனிஷியல் இருந்தாலும் பரவாயில்லை. வெயிலில் சாய்த்து ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள்.