யானைக்குட்டியும் குட்டிதானாம்!

செருப்புக்கு அளவு போடுகிறார்கள், சட்டைக்கு அளவு போடுகிறார்கள், குக்கருக்கு எத்தனை லிட்டர் என்று போடுகிறார்கள். ஒரு செடி எவ்வளவு உயரம் வளரும் என்று அதன் அட்டையில் எழுதினால் மட்டும் என்ன குடி முழுகிப்போய்விடும்?

நியூ ஜெர்சியில் டவுன்ஹவுஸ் வாழ்க்கை எங்களுடையது. பின்பக்கம் 'பேட்டியோ' என்ற பெயரில் நாலு பாய் விரித்தால் தீர்ந்துபோகிற சிமெண்டுத் தரை. அங்கே இரண்டு நாற்காலி, ஒரு துளசி, கோடையில் கறிவேப்பிலை. மிச்சமிருந்த மூலைக்குத்தான் டே லிலி என்ற பூச்செடி வாங்க ஆசைப்பட்டேன். கடையில் ஒரு தொட்டி. அட்டையில் கொட்டை எழுத்தில் 'மினியேச்சர் டே லிலி', அதாவது குட்டி டே லிலி. கீழே 'தொட்டிகளுக்கு ஏற்றது'. முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு ஒரு மஞ்சள் பூவின் படம். வாங்கிக்கொண்டு வந்து எட்டு அங்குலத் தொட்டியில் வைத்தேன்.

முதல் வருடம் வெறும் இலை. சரி, வேர் பிடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டாவது வருடம் ஜூன் மாதம் பூத்தண்டு கிளம்பியது. ஓர் அடி. இரண்டு அடி. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறேன், மூன்றடியைத் தாண்டி என் இடுப்புக்கு வந்த பிறகுதான் நின்றது. உச்சியில் இரண்டு அங்குலத்துக்குப் பூ! நாற்காலியில் உட்கார்ந்தால் தண்டுதான் தெரியும், பூவைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். ஒரு நாள் மாலை இடியும் காற்றுமாக வந்த மழையில் தொட்டியோடு குப்புற விழுந்தது. துளசி மேலேதான் விழுந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கடைக்குப் போய்க் கேட்டேன். "பூ சின்னதாகத்தானே இருக்கிறது?" என்றார் அங்கிருந்தவர். கொஞ்சமும் கூச்சமில்லாமல்!

அதைவிட எரிச்சல், அவர் சொன்னது சரி என்பது. அமெரிக்க டே லிலி சங்கத்தின் கணக்கில் 'மினியேச்சர்' என்றால் பூவின் குறுக்களவு மூன்று அங்குலத்துக்குக் கீழே. மூன்றிலிருந்து நாலரைக்குள் இருந்தால் 'ஸ்மால்'. அவ்வளவுதான். செடி எவ்வளவு உயரம் போனாலும் அந்தப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1954-இல் வந்த 'கோல்டன் சைம்ஸ்' என்ற ரகம் கிட்டத்தட்ட நாலடி வளரும். அதுவும் மினியேச்சர்தான். 1975-இல் வால்டர் ஜப்லோன்ஸ்கி என்பவர் பதிவு செய்த 'ஸ்டெல்லா டி ஓரோ'வின் தண்டு பதினோரு அங்குலம். அதுவும் மினியேச்சர்தான். குட்டி என்றால் பூனைக்குட்டியும் குட்டி, யானைக்குட்டியும் குட்டி. வீட்டுக்குள் கொண்டுவருகிறவனுக்கு எந்தக் குட்டி என்று சொல்ல வேண்டாமா?

சங்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் ரகங்களின் உயரத்தைப் பதிவேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் ரகங்கள், அநேகமாக எல்லாவற்றுக்கும் உயரம் உண்டு. பன்னிரண்டு அங்குலத்துக்குக் கீழே உள்ளதற்கு 'ட்வார்ஃப்' (குள்ளம்) என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். விற்கிறவர் அந்த ஒரே ஓர் எண்ணை அட்டையில் ஏற்றினால் போதும். ஆனால் ரகத்தின் பெயரே இல்லாமல் வெறும் 'மஞ்சள் மினியேச்சர்' என்று விற்றால் நான் எந்தப் பதிவேட்டில் போய்த் தேடுவது? செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், விற்பனைக்கு வரும் மே மாதத்தில் நாலடி ரகமும் ஓரடி ரகமும் ஒரே மாதிரி புல்லுக்கட்டாகத்தான் நிற்கும். இன்ச் டேப் கொண்டுபோனாலும் பிரயோசனமில்லை.

'தொட்டிகளுக்கு ஏற்றது' என்கிற அடுத்த புளுகுக்கு வருகிறேன். எந்தத் தொட்டி? இதன் வேர் சதைப்பற்றோடு தடித்துப் பரவும், எட்டு அங்குலம் எந்த மூலைக்கு? பன்னிரண்டு அங்குலமாவது வேண்டும், அடியில் தண்ணீர் வடிய வேண்டும், ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிடுங்கிப் பிரித்து நட வேண்டும். தரையில் இருந்தால் பனிக்காலத்தில் மண் போர்வை மாதிரி வேரைக் காக்கும். தொட்டியிலோ நாலாபுறமும் குளிர் ஏறி, உறைந்து, இளகி, மறுபடி உறைந்து வேரைப் படுத்தி எடுத்துவிடும். இதில் ஒரு வார்த்தையாவது அட்டையில் இருந்ததா? வீட்டில் பூனை இருந்தால் டே லிலி அதற்கு விஷம், சிறுநீரகமே போய்விடும். அதுகூட இல்லை!

இத்தனைக்கும் ஒரு பூ இருப்பது ஒரு நாள். 'ஹெமரோகாலிஸ்' என்ற அதன் கிரேக்கப் பெயருக்கே ஒரு நாள் அழகு என்றுதான் அர்த்தம். அந்த ஒரு நாளாவது எனக்குக் கிடைத்ததா என்றால், நிமிர்த்தி வைத்த செடியில் மிச்சமிருந்த மொட்டுகளை இராத்திரியோடு இராத்திரியாக மான் மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. சீனர்கள் இந்த மொட்டைக் காயவைத்து சூப்பில் போடுவார்கள். மானுக்கும் அந்த ருசி தெரிந்திருக்கிறது. அதுவும் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் சும்மாவா போகும்? வீடியோ காலில் அம்மா, "ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையா இருக்கே, பேசாம ரெண்டு கனகாம்பரம் வைடி" என்றார். இந்த ஊர்ப் பனியில் கனகாம்பரம்!

கடைசியில் அந்த நெட்டைச் செடியைப் பெரிய தோட்டம் உள்ள தோழிக்குத் தாரை வார்த்துவிட்டு, இந்த மே மாதம் மறுபடி கடைக்குப் போனேன். பத்து அங்குலத்தில் நிற்கிற 'ஈனி வீனி' இருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்டேன். இல்லையாம். "ஆனால் இதுவும் மினியேச்சர்தான்" என்று ஒரு தொட்டியை எடுத்து நீட்டினார்கள். எவ்வளவு உயரம் வளரும் என்று கேட்டேன். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூ ரொம்பச் சின்னது" என்றார்கள்.